அப்பாவின் கறுப்புப் பையும் ஏழு மாத அலைச்சலும்

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிய மாலையில்தான் அந்தக் கறுப்பு ரெக்சின் பையைப் பார்த்தேன். சைக்கிள் ஹேண்டில்பாரில் அவர் மாட்டியது மாட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே 2,350 ரூபாய், ஒரு பேனா, ஜெபமாலை, நாற்பது பக்க நோட்டு ஒன்று. அந்தப் பணம் யாருடையது, யார் கைக்குப் போக வேண்டியது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த ஏழு மாதம் நான் பட்ட அலைச்சல் எல்லாமே அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான். சபை, சங்கம், அன்பியம் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழு), கோயில் கமிட்டி என்று பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். என்னிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். 1988-இல் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில், ஏழைகளை வீடு தேடிப் போய் உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தார். 2024 பிப்ரவரியில் 74 வயதில் போகும்வரை 36 வருடம் உறுப்பினர். அதில் பாதிக்கு மேல் பொருளாளர். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் கூட்டம். சனிக்கிழமை சாயங்காலம் வீடு சந்திக்கப் போவார். மழையோ வெயிலோ, எங்கள் வீட்டுக் கல்யாணமோ, சனிக்கிழமை சாயங்காலம் அவரைப் பிடிக்க முடியாது. சின்ன வயதில் எனக்கு அதில் கோபம் உண்டு. எங்களுக்கென்று ஒதுக்காத நேரத்தை யாருக்கோ கொடுக்கிறாரே என்று நினைப்பேன்.

இந்தச் சபையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இதைத் தொடங்கியவர்கள் சாமியார்களோ கன்னியர்களோ இல்லை, கல்லூரி மாணவர்கள். 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் தன் நண்பர்கள் சிலரோடு ஆரம்பித்தார். அன்றுதான் அவருக்கு 20 வயது நிறைந்தது. அதற்கு முந்தைய வருடம் பாரிஸில் காலரா. மாணவர்கள் கூடி மதத்தைப் பற்றி வாதம் செய்யும் கூட்டத்தில் ஒருவர், "உங்கள் திருச்சபை அந்தக் காலத்தில் நல்லது செய்தது, இப்போது என்ன செய்கிறது?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி ஓசானாமைக் குடைந்திருக்கிறது. குளிருக்கு வைத்திருந்த விறகில் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு தானும் ஒரு நண்பரும் ஒரு ஏழை வீட்டுக்குப் போனதுதான் முதல் வேலை. எந்த வீட்டுக்குப் போவது, போனால் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக்கொடுத்தவர் ரோசலி ரெண்டு என்ற கன்னியர். அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது விறகு வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். "முதல்ல கொண்டுபோனது காசு இல்ல பாப்பா, வெறகு. என்ன வேணும்னு பார்த்துட்டுத்தான் கொண்டுபோயிருக்காங்க" என்பார்.

ஒருமுறை, எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும், வீட்டில் அவசரம் என்று அவரைத் தேடி உப்பளத் தொழிலாளர்கள் குடியிருக்கும் பக்கம் ஓடினேன். ஒரு ஓலை வீட்டில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு பாட்டி, உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன தன் பாதத்தை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது, "அரிசியைக் கொடுத்துட்டு வாசலோட திரும்பினா அது கடைக்காரன் வேலை. நான் போறது உக்கார" என்றார். அதற்குமேல் அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்கு உதவி செய்கிறோம் என்பதை வெளியில் சொல்லக்கூடாது என்பது சபையின் வழக்கம். கூட்டத்தின் முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வரும். உள்ளே கையை விட்டு, யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாமல் போட வேண்டும். கொடுப்பவருக்கும் ரகசியம், வாங்குபவருக்கும் ரகசியம். அதன் அழகை இன்று முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ரகசியம் முழுவதையும் ஒரே மனிதர் தலைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் அனுபவித்தேன்.

அப்பா வீட்டிலேயே இறந்தார். விடியற்காலை நெஞ்சு வலி, பங்குத்தந்தை வந்து நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுத்தார், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது. வீட்டில் இறந்தால் இறப்புக் காரணச் சான்றை மருத்துவரிடம் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார். நல்லவர். "பேர் என்ன?" என்று கேட்டார், நான் அழுதுகொண்டே கோயிலில் எல்லோரும் கூப்பிடும் பெயரைச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் கொடுத்த விலை இரண்டு மாதம். எங்கள் பக்கம் சூசை என்று ஞானஸ்நானம் பெற்றவர் பள்ளிக்கூடத்தில் ஜோசப் ஆகியிருப்பார், மிக்கேல் மைக்கேல் ஆகியிருப்பார். அப்பாவுக்கும் அதே கதைதான். கோயில் பதிவேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கியில் இனிஷியலோடு இன்னொன்று. டாக்டர் சீட்டில் உள்ள பெயரே இறப்புச் சான்றிதழுக்கும் போனது. பிறகு மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி, நோட்டரி, சாட்சிகள், திருத்தத்துக்கு விண்ணப்பம் என்று அலைந்தேன்.

அதனால் முதல் வேலையாக, உங்கள் வீட்டுப் பெரியவரின் ஆதார், வங்கிப் புத்தகம், பென்ஷன் புத்தகம், ஞானஸ்நானச் சான்று நான்கையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள். அவர் கையெழுத்துப் போட்டால் முடிகிற வேலை, அவர் போன பிறகு மலையாகிவிடும். துக்க வீட்டில் டாக்டரிடம் பேசும் பொறுப்பை அழாத ஒருவரிடம், ஆதார் அட்டை நகலைக் கையில் கொடுத்து ஒப்படையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், அதுவரை கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம். 30 நாள் தாண்டினால் அதிகாரியின் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். சான்றிதழைக் குறைந்தது ஐந்து பிரதி எடுத்து வையுங்கள்.

அடக்கத் திருப்பலிக்கு முன்னால் பங்குத்தந்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்மா, சபையில என்னென்ன செஞ்சாருன்னு சொல்லு" என்றார். நான் விழித்தேன். 36 வருடம் என்று சொல்லத் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. எந்த வருடம் பொருளாளர் ஆனார், எத்தனை குடும்பம், எதை நினைத்து அவர் சந்தோஷப்பட்டார், ஒன்றும் தெரியாது. சாமி பிரசங்கத்தில் பொதுவாக நல்ல மனிதர், இரக்கமுள்ளவர் என்று சொல்லி முடித்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் வெட்கப்பட்டேன். சபைக்காரர்கள் ஒன்பது பேர் பெட்டியைத் தோள் மாற்றித் தூக்கிப் போனார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபது தாண்டியவர்கள், கல்லறைத் தோட்டம் வரை வேறு யாரையும் தொடவிடவில்லை. அவர்களிடம் கேட்டிருந்தாலே சாமிக்குச் சொல்ல ஆயிரம் கிடைத்திருக்கும், எனக்குத்தான் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டமே மூழ்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நாலு நாள் நின்றது. அப்பாவின் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் அவர் செய்த முதல் காரியம், சபை நோட்டுகளை மொட்டை மாடியில் ஒவ்வொன்றாக விரித்து மேலே கல் வைத்துக் காயவைத்தது. அப்போது எனக்கு எரிச்சல். வீடு முழுக்கச் சேறு, இவர் பழைய நோட்டுக்குக் காவல் இருக்கிறாரே என்று சத்தம் போட்டேன். அவர் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் கிடக்கிறது. 1988 முதல் 2009 வரை உள்ள நோட்டுகள் கூழாகிவிட்டன. மிச்சத்தில் மை பரவியிருந்தாலும் படிக்க முடிந்தது.

படித்தேன், இரவு இரவாக. அந்தக் கணக்கில் எங்கள் ஊரே இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அந்த 61 நாளில் கடற்கரைப் பக்கம் அரிசிக் கணக்கு இரட்டிப்பாகும். ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், செருப்பு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி உப்பளத்தில் வேலை நின்றதும் செலவு உப்பளப் பக்கம் திரும்பும். தை மாதம் பாத்தி கட்டும் வேலை ஆரம்பித்ததும் குறையும். கிறிஸ்துமஸுக்குச் சேலை, வேட்டி. ஆனால் ஒரு இடத்திலும் ஒரு பெயர்கூட இல்லை. "உ.4 – அரி 10, மரு 200", "தெ.2 – 500", "க.கோ. – கண்ணாடி" என்று குறிப்புகள் மட்டும். கடைசி நோட்டில் மாதாமாதம் வரும் குறிப்புகள் பதினொன்று. சுமார் 6,000 ரூபாய். அப்பா இறந்ததால் அந்தப் பதினொரு வீட்டுக்கும் அந்த மாதம் ஒன்றும் போகவில்லை. வாங்கியவர்கள் யாரும் வாய்விட்டுக் கேட்கிற ஆட்கள் இல்லை.

வீடு சந்திப்புக்கு இருவராகத்தான் போக வேண்டும் என்பது ஓசானாம் காலத்திலிருந்து உள்ள வழக்கம். அப்பாவோடு போகும் மாமா ஒருவர் உண்டு. அவருக்குக் கண்பார்வை மங்கி இரண்டு வருடமாக அவர் வீட்டோடு இருந்தார். அப்பா வேறு ஆளைச் சேர்க்காமல் தனியாகவே போய்க்கொண்டிருந்தார். நான் மாமாவிடம் குறிப்புகளை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, ஆறு வீட்டை அடையாளம் சொன்னார். மற்ற ஐந்தும் அவர் வராமல் போன பிறகு சேர்ந்தவை. இருவர் என்ற விதியை நான் இதுவரை ஒரு துணைக்காக என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவர் விழுந்தால் இன்னொருவருக்கு வழி தெரிய வேண்டும் என்பதும் அதற்குள் இருக்கிறது. உங்கள் அப்பாவோ மாமாவோ தனியாகப் போகிறார் என்றால், இளையவர் ஒருவரை உடன் அனுப்பச் சொல்லிச் சபையில் நீங்களே கேளுங்கள். ரகசியம் இரண்டு பேருக்குத் தெரிந்தாலும் ரகசியம்தான்.

அப்புறம் வங்கி. எங்கள் பங்கில் உள்ள சபைக் கிளையின் பணம் சபையின் பெயரில் உள்ள கணக்கில் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இல்லை. எப்போதோ, அவசரத்துக்கு, அப்பாவும் அப்போதைய தலைவரும் தங்கள் சொந்தப் பெயரில் கூட்டுக் கணக்காகத் தொடங்கியிருக்கிறார்கள். இருவரில் யாரும் எடுக்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவருக்கு என்ற வகை. அந்தத் தலைவர் 2019-இல் இறந்துவிட்டார். அப்பா அவர் பெயரை நீக்கவும் இல்லை, வேறு பெயரைச் சேர்க்கவும் இல்லை, நாமினியும் போடவில்லை. கணக்கில் இருந்தது 1,43,870 ரூபாய். வங்கிக் காகிதப்படி அது முழுக்க முழுக்க எங்கள் அப்பாவின் பணம், அதாவது எங்கள் குடும்பச் சொத்து. அதிகாரி என்னிடம், "இது உங்க பணம்தானம்மா, ஏன் பதறுறீங்க?" என்று கேட்டார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த வாரம்தான் பங்கில் பேச்சு கிளம்பியது. "சபைக் காசு அவர் பேர்லயே கெடந்துச்சாமே." அவ்வளவுதான் சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதுதான் வலித்தது. 36 வருடம் டீக்குக்கூடச் சபைக் காசைத் தொடாத மனிதரைப் பற்றி, கல்லறை மண் காய்வதற்குள் இந்தப் பேச்சு. அம்மா ஒரு மாதம் கோயிலுக்குப் பின்வாசல் வழியாகப் போய் வந்தார். எனக்கு அவர்கள்மேல் இருந்ததைவிட அப்பாமேல்தான் கோபம் அதிகம். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரவில் அவர் படத்தைப் பார்த்து, "ஏம்ப்பா, ஒரு கையெழுத்துதானே" என்று அழுதிருக்கிறேன்.

வங்கி கேட்டவை: இரண்டு கணக்குதாரரின் இறப்புச் சான்றிதழ், அப்பாவின் வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையெழுத்து, பின்னால் யாராவது உரிமை கேட்டால் நாங்களே பொறுப்பு என்ற பத்திரம், இரண்டு ஜாமீன்தாரர். பழைய தலைவரின் குடும்பம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது, அவர்களைக் கண்டுபிடித்து சான்றிதழ் வாங்க ஐந்து வாரம். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக அம்மா, நான், தம்பி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி கத்தாரில் வேலை பார்க்கிறான். அடக்கத்துக்கு வந்தவன் எட்டாம் நாள் விமானம் ஏறிவிட்டான். அந்த எட்டு நாளில் அவனை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு தோஹாவில் இந்தியத் தூதரகத்தில் அவன் லீவு போட்டு நின்று, அவன் சார்பில் இங்கே கையெழுத்துப் போட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரத்துக்குச் சான்று வாங்கி, கூரியரில் அனுப்பினான். வாசகம் சரியில்லை என்று முதல் பத்திரம் திரும்பி வந்தது. மறுபடி ஒன்று. இதற்கே இரண்டரை மாதம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை துக்கத்துக்கு வந்தால், திரும்பிப் போகும் முன் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். ஆதார், பாஸ்போர்ட் நகல்களில் கையெழுத்து, புகைப்படம் பத்து, இங்கேயே ஒரு அதிகாரப் பத்திரம். துக்க வீட்டில் காகிதத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அந்த மரியாதை யாருக்கும் உதவவில்லை. இன்னொன்று, நாமினி இருந்து ஆவணங்கள் முழுதாக இருந்தால் வங்கி 15 நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்ப்பவர்தான், உரிமையாளர் ஆகிவிட மாட்டார். "என் காலத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாமினி போடாமல் இருப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். சபைப் பணத்துக்கோ நாமினி வழியே கிடையாது, சபையின் பெயரில் கணக்கு, இரண்டு பொறுப்பாளர் கையெழுத்து, பொறுப்பு மாறினால் கூட்டத் தீர்மானம். அவ்வளவுதான் வேண்டும்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பாட்டி தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் கையைப் பிடித்து, "அண்ணாச்சி சொல்லியிருந்தாவ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு சொன்னார். பேத்தி நர்சிங் படிக்கிறாள், தகப்பன் கடலில் போனவன், மார்ச் கடைசிக்குள் 12,500 ரூபாய் கட்ட வேண்டும், அண்ணாச்சி கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். நோட்டைப் புரட்டினேன். "பே. – மார்ச்" என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். என்னிடம் அப்போது காசு இல்லை. தனியார் பள்ளி ஆசிரியைக்குச் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வளையலை அடகு வைத்துக் கட்டினேன். மீட்கும்போது வட்டி 1,150 ஆனது. மற்ற வீடுகளுக்கும் மூன்று மாதம் நானே கொடுத்தேன், 18,000 ரூபாய். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, யாரிடமும் கேட்கக்கூடாது என்ற வீம்பில் செய்தேன்.

அது தப்பு. சபையின் இப்போதைய தலைவர் விஷயம் தெரிந்து வீட்டுக்கு வந்தார். நான் திட்டுவார் என்று நினைத்தேன், அவர் கண்கலங்கிவிட்டார். "ஏம்மா, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரு கிளைக்கு முடியலைன்னா பக்கத்துக் கிளை குடுக்கும், அதுக்குத்தான சபைன்னு வச்சிருக்கு" என்றார். நான்காம் மாதத்திலிருந்து வேறு பங்குக் கிளைகளிலிருந்து உதவி வந்தது. முதல் வாரமே, பையில் இருந்த 2,350 ரூபாயையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு சபைக்குப் போய், இரண்டு பேர் முன்னால் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால், பேச்சும் எழுந்திருக்காது, நானும் தனியாக நின்றிருக்க மாட்டேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

செப்டம்பரில் பணம் அம்மாவின் கணக்குக்கு வந்தது. அன்றே கிளைக்குக் காசோலை எழுதினோம். அதற்கு முன் தலைவரும் நானும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து 2010 முதல் உள்ள நோட்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்பிட்டோம். நோட்டுப்படி இருக்க வேண்டியது 1,31,420. வங்கியில் இருந்தது 12,450 அதிகம். மூன்று முறை கூட்டினோம். பிறகுதான் புரிந்தது. உதவி அதிகமாகத் தேவைப்பட்ட மாதங்களில் அப்பா தன் பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அதை நோட்டில் சபைச் செலவாக எழுதியும், கணக்கிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் சில மாதங்களில் சொந்தப் பணத்தை நேரே கணக்கிலேயே போட்டிருக்கிறார். தலைவர் நோட்டை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அந்த எண்களை அவர் எழுந்து நின்று வாசித்தார். பேச்சு அன்றோடு நின்றது. அந்த 12,450 எங்களுடையது, எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். தம்பியிடம் போனில் கேட்டேன். "அப்பா போட்டதை நாம எடுக்க வேண்டாம்க்கா" என்றான்.

எனக்குத் திரும்பி வராத செலவு: பத்திரம், நோட்டரி, கூரியர், பயணம் எல்லாம் சேர்த்து 9,400. பள்ளியில் 11 நாள் சம்பளப் பிடித்தம் 8,800. அடகு வட்டி 1,150. ஏழு மாதம். நானே கொடுத்த 18,000-ஐயும் 12,500-ஐயும் சபை திருப்பிக் கொடுத்தது.

இப்போது கிளையின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது, மூன்று பொறுப்பாளரில் இருவர் கையெழுத்து வேண்டும். வீடுகளின் விவரம் ஒட்டிய உறையில் தலைவரிடம் ஒன்று, பங்குத்தந்தையிடம் ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் நானும் ஒரு அக்காவும் போகிறோம். ஆமாம், நானும் சபையில் சேர்ந்துவிட்டேன். முதல் தடவை ஒரு வீட்டில் பாயை விரித்து உட்காரச் சொன்னபோது, அப்பா எப்படி அவ்வளவு நேரம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று வியந்தேன். எனக்குக் கால் மணி நேரத்திலேயே எதையாவது சரிசெய்துவிட்டு எழுந்துவிட வேண்டும் போலிருந்தது.

பதினொரு குறிப்பில் ஆறை மாமா சொன்னார். நான்கை விசாரித்துக் கண்டுபிடித்தோம், பாட்டியின் வீடும் அதில் ஒன்று. ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. "கி.ம. – 300." 2022 ஜூலையிலிருந்து ஒரு மாதம்கூட விடாமல் இருக்கிறது. கிழக்கு மாடவீதியா, யாராவது ஒரு கிழவர் மகனா, பெயரின் முதலெழுத்தா, யோசித்து ஓய்ந்துவிட்டோம். வந்த பணத்தைச் சேர்த்து வைக்காமல் கொடுத்துவிட வேண்டும் என்பது சபையின் விதி. ஆனாலும் இதை மட்டும் மாதாமாதம் ஒரு கவரில் போட்டு, மேலே அதே எழுத்தை எழுதி வைக்கிறோம். இந்த மாதத்தோடு பதினைந்து கவர் ஆகிறது. தூத்துக்குடியில் உங்கள் தெருவுக்கோ பக்கத்து வீட்டுக்கோ சனிக்கிழமை சாயங்காலம் கறுப்புப் பை மாட்டிய சைக்கிளில் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்து, 2024 பிப்ரவரியோடு வராமல் போனார் என்றால், தயவுசெய்து எங்கள் சபையில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெயர் கேட்க மாட்டோம்.